பட்டாளத்துப் பந்தல்

சுத்துப்பட்டில் எந்த வீட்டில் மேளம் கொட்டினாலும் சாமியானாவும் நாற்காலியும் அண்டா குண்டாவும் கொண்டுபோய் இறக்குகிற பந்தல்காரர் சோனைமுத்து, தன் ஒரே மகள் அழகுமீனாவின் கல்யாணத்துக்குப் பந்தல் இல்லாமல் நின்றார் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த வைகாசி முகூர்த்தத்தை விட்டால் ஆவணிவரைக்கும் நல்ல நாளே கிடையாது என்று ஜோசியக்காரர்கள் எல்லோரும் பேசிவைத்த மாதிரி சொல்லிவிட்டதால், கல்லுமேட்டுப்பட்டியைச் சுற்றியிருந்த அத்தனை ஊரிலும் அன்றைக்கே கல்யாணம், வந்து கேட்டவர்களில் ஒருத்தரிடம்கூட இல்லை என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. கடைசியாக இருந்த சிவப்பு மஞ்சள் சாமியானாவையும் பக்கத்து ஊர்க்காரனுக்கு வண்டியேற்றி அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கொட்டகையில் மிச்சம் கிடந்தது மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய சாமான் மட்டும்தான்.

அதை எடுத்து வந்த நாளிலேயே அவர் சம்சாரம் குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். வார் அறுந்த கிட் பேக்கு, கம்பளி உறை தைத்த தண்ணீர்க் குப்பி, நசுங்கின மெஸ் டின்னு, மடக்குக் கட்டில், ஓட்டை விழுந்த கொசுவலை, எல்லாவற்றுக்கும் மேலே, பச்சையும் காவியும் மண்ணுமாகத் திட்டுத் திட்டாகச் சாயம் அடித்த, ஒரு பட்டாளமே படுத்து எழுந்திருக்கிற மாதிரி ஒரு டென்ட்டு. எந்த மலையில் எந்தச் சண்டையில் எவன் படுத்துக் கிடந்தானோ, அதையா பிள்ளை கல்யாணத்துக்கு விரிப்பது என்று அவள் கேட்டாள். வாசலில் ரெண்டு வாழைமரத்தைக் கட்டினால் எல்லாம் பந்தல்தான் போடி என்றார் சோனைமுத்து, கண்மாய்க்கரையில் கருவேலங்காட்டை ஒட்டி அதை இழுத்துக் கட்டிவிட்டார்.

கட்டினதோடு நின்றாரா என்றால் இல்லை. முகூர்த்தக்காலுக்குத் தனியாக மூங்கில் வெட்டி ஊன்ற வேண்டும், அது எந்தக் காலத்து வழக்கம். இவரோ, ஊன்றின கம்பம் ஒன்று ஏற்கெனவே நிற்கையில் இன்னொன்று எதற்கு என்று, டென்ட்டின் நடுக்கம்பத்துக்கே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நவதானியம் போட்டு, சுமங்கலிகளை விட்டுப் பால் ஊற்றச் சொல்லிவிட்டார். அந்தச் சூட்டோடு பூசாரி கருத்தமாயன் அழகுமீனாவின் கையில் மஞ்சள் துண்டு முடிந்த காப்பையும் கட்டினார். கல்லுமேட்டுப்பட்டியில் காப்புக் கட்டின பெண் பந்தலைத் தாண்டக் கூடாது. கால் ஊன்றின பந்தலில் கல்யாணம் முடியாமல் காலைப் பிடுங்கவும் கூடாது. மீறினால் மழை மாறிப்போகும், கண்மாய் வெடித்துக் கிடக்கும், ஆடு மாடு கருத்தரிக்காது. இது எல்லோருக்கும் தெரியும். அழகுமீனாவுக்கும் தெரியும்.

முகூர்த்த நாள் காலையில் டென்ட்டைக் காணவில்லை.

உள்ளே இருந்தவர்களுக்கு எல்லாம் இருந்தபடி இருந்தது. குத்துவிளக்கு எரிந்தது, மேளக்காரர்கள் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கூரைப்புடவையில் அழகுமீனா மணையில் உட்கார்ந்து, சன்னல் வலை வழியாகக் கண்மாயையும் ரோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே இருந்தவர்களுக்குத்தான் அங்கே கருவேலங்காடு இருந்தது, கரை இருந்தது, டென்ட்டும் வாழைமரமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தோடு வந்து இறங்கினார்கள். நாயனச் சத்தம் நாலு திசையிலிருந்தும் ஒரே மாதிரி கேட்டது, எந்தப் பக்கம் போவது என்று பிடிபடவில்லை. அழைத்துவர வெளியே ஓடின சோனைமுத்துவுக்கும் திரும்பின மறுநொடி தன் பந்தல் தெரியவில்லை. அவரும் அவர்களோடு சேர்ந்து முள்ளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார், இங்கேதான் சம்பந்தி, இந்தா இங்கேதான் என்று. அழகுமீனா எல்லாவற்றையும் பார்த்தாள். தனக்கு வரப்போகிறவன் கையெட்டுகிற தூரத்தில் மூன்று தடவை கடந்துபோய், வேட்டியில் முள் மாட்டி, நின்று அதை எடுத்துவிட்டுப் போனதையும் பார்த்தாள். முகூர்த்தம் தப்பியது. பெண்ணைக் காட்டாமல் எங்களைக் காட்டில் மேயவிட்டீர்களா என்று அவர்கள் வண்டியேறி, பக்கத்து ஊரில் முறைப்பெண் ஒருத்தியை அன்று சாயங்காலமே அந்தப் பையனுக்குக் கட்டிவைத்தார்கள். அங்கே போட்டிருந்தது சோனைமுத்து அனுப்பிய சிவப்பு மஞ்சள் சாமியானா.

ஊர் கூடி யோசித்தது. டென்ட்டு ஏன் மறைந்தது என்று ஒருத்தரும் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மறைவதற்கென்று சாயம் போட்ட சாமான், அது வேலையை அது பார்க்கிறது, நம்ம ஆளுகளில் எவன் அப்படிப் பார்க்கிறான் என்றார் பட்டாளத்திலிருந்து ஓய்வாகி வந்திருந்த அவில்தார் பரமன், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பேசவேண்டியது பெண்ணைப் பற்றித்தான். பூசாரி தீர்ப்புச் சொன்னார்: வேறு மாப்பிள்ளை வருகிறவரை பெண் பந்தலிலேயே இருக்கட்டும், பின்னால் ஒட்டியிருக்கிற குளியல் தடுப்பும் பந்தலில் சேர்த்திதான். தாலி தாம்பாளத்தில் இருந்தபடி இருக்கட்டும். பத்து நாளில் இன்னொரு வரன் அமையாமலா போய்விடும் என்றார்கள் எல்லோரும், அழகுமீனாவும் சரியென்று மடக்குக் கட்டிலை விரித்துப் படுத்தாள்.

வேப்பமரத்திலிருந்து டென்ட்டு வாசல்வரை ஒரு கயிறு கட்டினார்கள், கையால் பிடித்தபடி வந்தால் உள்ளே வந்துவிடலாம். கயிற்றைப் பிடித்துச் சோறு கொண்டுவந்தவள் குருவம்மாள். அவளுக்குப் பின்னால் முதலில் வந்தது, குடிக்க மாட்டேன் என்று பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்த ஒருத்தன். ஆத்தா, ஒரு ஓரமா உட்கார்ந்துட்டுப் போயிருதேன், வெளியே யாருக்கும் தெரியாதுல்ல என்றான். அப்புறம் போலீஸ் தேடுகிற பையன் வந்தான். பள்ளிக்கூடத்து வாத்தியார் மத்தியானத் தூக்கத்துக்கு வந்தார். மாமியார் குரல் கேட்காமல் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மருமகள்கள் வந்தார்கள், வந்து உண்மையிலேயே சும்மா உட்கார்ந்தார்கள், முழங்காலைக் கட்டிக்கொண்டு. குறி சொல்லச் சொல்லி வீட்டு வாசலில் ஆள் நிற்கிறபோதெல்லாம் பூசாரி கருத்தமாயனே வந்து கிட் பேக்கைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். பேச்செல்லாம் குசுகுசுவென்றுதான், சத்தம் வெளியே கேட்டுவிடும் என்ற பயம் எல்லோருக்கும். வெளியே யாராவது தேடினால், கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று வீட்டிலிருப்பவர்கள் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோதும் அதைத்தான் சொன்னார்கள், பொய் ஒன்றும் இல்லையே.

இப்படிக் கொஞ்ச நாளில், மற்ற ஊருக்குக் கோயிலும் சாவடியும் போல, கல்லுமேட்டுப்பட்டிக்கு அந்த டென்ட்டு இல்லாமல் ஆகாது என்று ஆகிவிட்டது. அழகுமீனாவைத் தங்கமாகத் தாங்கினார்கள். தீபாவளிக்குச் சேலை வந்தது, கறி எடுத்த வீட்டிலிருந்தெல்லாம் கிண்ணம் வந்தது, காய்ச்சல் என்றால் டாக்டரைக் கண்ணைக் கட்டாத குறையாகக் கயிற்றைப் பிடிக்கவைத்துக் கூட்டி வந்தார்கள். வாழ்நாளெல்லாம் டீக்கடை பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்த சோனைமுத்துவுக்கு இப்போது நடுவில் இடம் விட்டார்கள், மாமா மச்சான் என்று தோளில் கை போட்டார்கள். அவரும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார். என்ன ஒன்று, மாப்பிள்ளைதான் வரவில்லை.

வரவில்லை என்பது தப்பு. வந்தார்கள். குருவம்மாள் சொந்தத்தில் சொல்லி, தரகரிடம் சொல்லி, ஆள் வரவழைத்தாள். வந்தவர்கள் டீக்கடையில் வழி கேட்பார்கள், டீக்கடையில் இருக்கிறவர்கள் ரொம்ப மரியாதையாக எழுந்து நின்று, கண்மாய்க்கு நேர் எதிர்ப்பக்கம் கையைக் காட்டுவார்கள். ஒரு தடவை, தலை நரைக்கத் தொடங்கின ஒருத்தர், தானாகவே தேடிக் கரைவரைக்கும் வந்துவிட்டார். அழகுமீனா சன்னல் வலையில் வாயை வைத்து, இங்கே இருக்கேன், இங்கே, என்று கூப்பிட்டாள். கருவேலங்காடு முழுக்க ஒரு பெண்குரல் இங்கே இங்கே என்று கூப்பிட்டால் எவன் நிற்பான்? செருப்பை விட்டுவிட்டு ஓடினார். உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டு, அவளைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கி, வேற நல்ல எடமா அமையும்த்தா என்றார்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. கல்யாணம் முடிந்தால் காலைப் பிடுங்க வேண்டும், காலைப் பிடுங்கினால் டென்ட்டு போய்விடும்; அம்மாவைத் தவிர இந்த ஊரில் ஒரு ஆள்கூட, பெற்ற அப்பன் உட்பட, தன் கழுத்தில் தாலி ஏறுவதை விரும்பவில்லை.

தாண்டிப் போய்விட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அவளும் எத்தனையோ விடியலில் வாசல்படுதாவை ஒதுக்கி, கட்டைவிரலைப் பந்தல் விளிம்பில் வைத்து நின்று பார்த்திருக்கிறாள். தாண்டினால், மழை பெய்யாத ஒவ்வொரு நாளுக்கும் குருவம்மாள் வீட்டு வாசலில் மண்ணை வாரி வீசுவார்கள், அவள் குழாயடிக்குப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுவார்கள். அம்மா அந்த ஊரில்தான் சாகவேண்டும். விரலை உள்ளே இழுத்துக்கொள்வாள். அடுத்த வைகாசி வந்து போனது, அதற்கு அடுத்ததும் போனது.

மூன்றாவது வைகாசிக்கு முன்னால் ஒரு மத்தியானம், குருவம்மாள் தூக்குவாளியோடு வந்து, டென்ட்டுக்குள் நின்று, மீனா, எங்கடி போயிட்ட, என்றாள். அழகுமீனா அவளுக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விளையாடாதம்மா என்று எழுந்து வந்து தொட்டாள். தொட்ட பிறகுதான் குருவம்மாளுக்கு அவள்மேல் கண் நின்றது. வாளி நழுவி, குழம்பெல்லாம் தரையில் ஓடியது. அழகுமீனா கையைத் திருப்பிப் பார்த்தாள். முழங்கைக்குமேல் பச்சை ஒரு திட்டு, காவி ஒரு திட்டு, காய்ந்த மண் நிறத்தில் ஒரு திட்டு. தேய்த்தால் போகவில்லை. வெயில் கூடாரத் துணி வழியாக இறங்கி இறங்கி ஊறிப்போன சாயம். கழுத்திலும் கன்னத்திலும் இருந்தது. அம்மாவும் மகளும் அந்தக் குழம்புக்கு நடுவில் உட்கார்ந்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, வெளியே கேட்காமல் அழுதார்கள்.

அன்றையிலிருந்து அழகுமீனாவுக்கு ஒரே ஒரு பயம்தான். டென்ட்டுக்குள் வந்து போகிறவர்கள் கட்டிலில் அவள்மேலேயே உட்காரப் போய், அய்யய்யோ ஆத்தா என்று எழுந்தார்கள். இன்னும் ஒரு கோடை போனால் அம்மா தொட்டுக்கூடக் கண்டுபிடிக்க மாட்டாள். உயிரோடு இருக்கும்போதே இல்லாமல் போய்விடப் போகிறோம் என்று நினைக்க நினைக்க, சோறு இறங்கவில்லை.

அந்த டென்ட்டுக்கு வருகிறவர்களில் அவளுக்குப் பிடித்தது இரண்டு பேர். ஒன்று அவில்தார் பரமன், சம்சாரம் போய்ச் சேர்ந்து, மருமகள் கையால் சாப்பிடுகிறவர். இன்னொன்று பணியாரக் கடை ஒய்யம்மா, புருஷனை இழந்து பணியாரச் சட்டியோடு காலம் தள்ளுகிறவள். ரெண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கடை கழுவினதும் அவள் மீந்த பணியாரத்தை இலையில் கட்டிக்கொண்டு வருவாள், அவர் மெஸ் டின்னில் டீ ஊற்றி வைத்திருப்பார். ஆளுக்கொரு கட்டிலில், நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம் போல இடம் விட்டு உட்கார்ந்து, பனிமலையைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் பேசுவார்கள். கையைக்கூடத் தொட்டதில்லை. அவள் சிரித்தால் அவர் அன்று முழுக்க நன்றாக இருப்பார்.

பூசாரிக்கு ஒரு நாள் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, காப்புக் கட்டினவள் கல்யாணம்தான் இதில் நடக்கணுமா, வேறு யாராவது கட்டிக்கொண்டால் ஆகாதா என்று அழகுமீனா சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். மூன்றாவது டம்ளர் மோர். பூசாரிக்கு உற்சாகம்.

"கால் ஊனுனது கல்யாணத்துக்கு. யாரு கல்யாணம்னு கம்பத்துக்கு என்ன தெரியும்?" என்றார்.

சாயங்காலம் ஒய்யம்மாவும் அவில்தாரும் வந்ததும், அழகுமீனா தாலி இருந்த தாம்பாளத்தை எடுத்து ரெண்டு கட்டிலுக்கும் நடுவில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். ஒய்யம்மா தாம்பாளத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து, மறுபடியும் தள்ளி வைத்தாள். ஆசை இல்லாமல் இல்லை. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"கட்டிக்கிட்டா இந்தக் கூடாரம் போயிரும் ஆத்தா. அப்புறம் நாங்க எங்க உக்காந்து பேசுறது?"

"உங்க வீட்டு வாசல்ல உக்காந்து பேசுங்க அத்தை."

அவில்தார் மெஸ் டின்னைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். சுடுகிறவன் எதிரே நின்றிருக்கிறேன், மருமகள் எதிரே நிற்பதற்குத்தான் யோசனையாக இருக்கிறது என்றார் கடைசியில். அழகுமீனா ஒன்றும் கெஞ்சவில்லை. தன் கையை அவர்கள் முன்னால் கூடாரத் துணியோடு சேர்த்து வைத்துக் காட்டினாள். கை இருந்த இடத்தில் துணி மட்டும் இருந்தது. ஒய்யம்மா பதறிப்போய் அந்த இடத்தைத் தடவித் தடவி, கையைக் கண்டுபிடித்து, மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவில்தார் எழுந்து நின்று, எந்த நாள் என்று கேட்டார்.

கண்மாய்க்குத் தூர் வாருகிற நாள் என்று முடிவாயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும் என்பது ஊர்க்கட்டு. அதனாலேயே விடிந்ததும் ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து சேறு சுமப்பார்கள். அன்றும் அப்படித்தான். பெண்கள் கண்மாயில் இடுப்பொடியக் கூடை தூக்கிக்கொண்டிருக்க, டென்ட்டுக்குள் வாத்தியார் தூங்க, சீட்டு நடக்க, சோனைமுத்து நடுவில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்க, உச்சி வேளைக்கு அவில்தார் பரமன் தன் பழைய உடுப்பைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஒய்யம்மாவோடு கயிற்றைப் பிடித்து உள்ளே வந்தார். அழகுமீனா தன் கூரைப்புடவையை ஒய்யம்மாவின் தோளில் போட்டாள். குருவம்மாள் குத்துவிளக்கை ஏற்றினாள்.

விஷயம் புரிந்ததும் எல்லோரும் பதறி எழுந்தார்கள். ஆனால் பாருங்கள், ஒருத்தராலும் சத்தம் போட முடியவில்லை. வாயைத் திறந்து ஒரு அதட்டுப் போட்டால் கண்மாயில் நிற்கிற பெண்டாட்டி காதில் விழும். டேய் நிறுத்துங்கடா என்று குசுகுசுத்தார்கள். வேண்டாம் அவில்தாரே என்று மூச்சுக்காற்றில் அதட்டினார்கள். தாலியெடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று பூசாரி கிசுகிசுவென்று கத்தினார். கம்பத்துக்கு என்ன தெரியும் என்று அன்றைக்குச் சொன்னதை உரக்கச் சொல்லட்டுமா என்று அழகுமீனா அவர் காதில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். சோனைமுத்து மகளின் முன்னால் கையைக் கூப்பி, ஆத்தா, அப்பனை இந்த ஊரில் ஒரு மனுஷனாக மதிக்கிறதே இதனால்தானே ஆத்தா என்று மெல்ல அழுதார். அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. தள்ளி நில்லுங்கப்பா என்றாள். மேளமில்லாமல், குலவையில்லாமல், இத்தனை பேர் மூச்சுவிடுகிற சத்தத்துக்கு நடுவில், அவில்தார் மூன்று முடிச்சுப் போட்டார்.

முடிந்ததும் ஒய்யம்மா செய்த முதல் காரியம், அழகுமீனாவின் கையைத் தேடிப் பிடித்து, நூலாக நைந்துபோயிருந்த காப்பை அவிழ்த்ததுதான். கல்யாணம் முடிந்த பந்தல், இனி யார் பிடுங்கினாலும் ஊருக்குக் கேடில்லை. அழகுமீனா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுக்கம்பத்தைக் கட்டிப்பிடித்தாள். இடமும் வலமும் ஆட்டினாள். மூன்று வருஷத்து மஞ்சள் கையில் உதிர்ந்தது. கம்பம் மண்ணைவிட்டு எழும்பியது.

டென்ட்டு எல்லோர் தலையிலும் அமுங்கி விழுந்தது. துணிக்கடியிலிருந்து ஒவ்வொருத்தராகத் தவழ்ந்து வெளியே வந்தார்கள், வாத்தியார், பூசாரி, கையில் சீட்டுக்கட்டோடு அஞ்சாறு பேர். கண் கூசுகிற உச்சி வெயிலில், எதிரே கண்மாய்க்குள் சேற்றுக்கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர்கள் வீட்டுப் பெண்கள் நின்றார்கள். அதற்கப்புறம் நடந்ததை எழுதுகிற மாதிரி இல்லை. அந்தக் களேபரத்தில், உடுப்பு கலையாமல் நின்ற அவில்தார் ஒய்யம்மாவின் கையை முதல்முறையாகப் பிடித்து, ஊர் பார்க்க, கரைமேலேறி நடந்தார். குருவம்மாள் மட்டும், துணியை விலக்கி விலக்கி, மீனா, மீனா என்று தேடினாள்.

அழகுமீனா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். போயிட்டு வர்றேன்மா, தேடாதே, கடிதாசி போடுறேன் என்று காதோடு சொன்னாள். குருவம்மாள் காற்றை இறுக்கிப் பிடித்து, தலையிருந்த இடத்தைத் தடவி, போ, போயிரு என்றாள்.

ரோட்டுக்கு வந்தாள். மொபெட்டில் ஒருத்தன் வந்தான், கையை நீட்டினாள், திரும்பிப் பார்க்காமல் போனான். ஆடு ஓட்டி வந்தவளைப் பார்த்து அக்கா என்றாள், அவள் சுற்றுமுற்றும் பார்த்து, எச்சிலைத் துப்பிக்கொண்டு வேகமாக நடந்தாள். அவ்வளவுதானா, கூடாரம்தான் போயிற்று, நான் அதற்குள்ளேயேதான் இருக்கிறேனா என்று நினைத்தாள். டவுன் பஸ் தூரத்தில் வந்தது. அவள் ஓரத்துப் பச்சையையும் மண்ணையும் விட்டு நகர்ந்து, கறுத்த தார் மட்டும் கிடந்த நடுரோட்டில் போய் நின்றாள். ஹார்ன் அடிப்பான் என்று பார்த்தாள். அடிக்கவில்லை. பஸ் அதே வேகத்தில் வந்தது. விலகவில்லை அவள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிரேக் சத்தம் ஊரையே கிழித்தது. கண்ணைத் திறந்தால் முகத்துக்கு ஒரு முழத்தில் பஸ் நின்றது, உள்ளே பிள்ளைகள் அழுதன, டிரைவர் வேர்த்து விறுவிறுத்துப்போய்த் தலையை வெளியே நீட்டினான்.

"ஏம்மா, கண்ணு பொடனியிலயா இருக்கு? வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?"

நேராக அவள் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டான்.

"சொல்லிட்டுத்தாண்ணே வந்தேன்" என்றாள் அழகுமீனா, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, "இன்னொரு தடவை திட்டுங்கண்ணே."